குப்பைக்குப் போன குபேர சம்பத்து

ஓர் அட்டைத் துண்டு. அகலம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். உயரம் மூன்றே முக்கால் அங்குலம். நீல வானத்தின் முன்னால் மஞ்சள் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொப்பி அணிந்த ஒரு வாலிபன் எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் படம். 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் இந்த அட்டை ஏலத்துக்கு வந்தது. என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 1 கோடியே 26 லட்சம் டாலர்! நமது கணக்கில் அன்றைய மதிப்புக்கு ஏறக்குறைய நூறு கோடி ரூபாய்.

சைபர்களை எண்ணிப் பார்க்க வேண்டாம். அச்சுப் பிழை இல்லை.

1952-ல் இதே அட்டை கடையில் எப்படி விற்றது என்றால், சூயிங் கம் பொட்டணத்துக்குள் இனாமாக வைத்துக் கொடுத்தார்கள். பொட்டணத்தின் விலை 5 செண்ட். பையன்கள் கம்மை வாயில் போட்டுக்கொண்டு, அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினார்கள். சிலர் சைக்கிள் சக்கரத்தின் கம்பியில் படும்படி துணி மாட்டும் கிளிப்பால் அதைப் பொருத்தினார்கள். சக்கரம் சுற்றும்போது 'படபட'வென்று மோட்டார் சைக்கிள் மாதிரி சத்தம் கேட்குமாம். அப்படிக் கிழிந்து போனவை எத்தனை கோடி ரூபாயோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

இந்த அட்டைகளுக்கு அமெரிக்காவில் பேஸ்பால் கார்டு என்று பெயர். நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ அப்படி அங்கே பேஸ்பால். அதுவும் மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம்தான். ஆட்டத்தின் சட்டதிட்டங்கள் நமக்கு இப்போது வேண்டாம். ஆட்டக்காரன் படம் போட்ட ஓர் அட்டைக்கு ஏன் இந்த விலை என்பதுதான் நம் கேள்வி. அதைச் சொல்லப் போனால் சிகரெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

* * *

1880-களில் அமெரிக்காவில் சிகரெட்டுகளை மெல்லிய காகிதப் பொட்டணத்தில் விற்றார்கள். சிகரெட் நசுங்காமல் இருக்கவேண்டுமே என்று உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் படம் அச்சடித்தார்கள். நடிகைகள், பறவைகள், தேசக் கொடிகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதில் வந்தார்கள். சிகரெட் அப்பாவுக்கு, படம் பையனுக்கு. ஒரு பெட்டியில் ஒரு படம் வந்தால் மறு படம் வேண்டுமென்று பையன் நச்சரிப்பான். அப்பாவும் அதே மார்க் சிகரெட்டையே வாங்குவார். வியாபாரிகளுக்கு யோசனை சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி இப்படி ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று ஹோனஸ் வாக்னர் என்பவருடையது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கோஷ்டியின் நட்சத்திர ஆட்டக்காரர். பேஸ்பால் மேதைகளுக்கென்று 1936-ல் ஒரு புகழ் மண்டபத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஐந்து பேரில் இவரும் ஒருவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாக்னர் தம் படத்தைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்! அச்சடிக்க ஆரம்பித்த பிறகு கம்பெனி நிறுத்திக்கொண்டது. அதற்குள் வெளியே போனவை கொஞ்சமே. இன்று இருப்பதாகத் தெரிந்தவை சுமார் ஐம்பது, அறுபது.

ஏன் மறுத்தார்? இதில் இரண்டு கட்சி உண்டு. பணம் போதவில்லை என்று மறுத்தார் என்பது ஒரு கட்சி. குழந்தைகள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்கும்படி ஆகக்கூடாது என்று மறுத்தார் என்பது மற்றொன்று. "அவரே புகையிலை மெல்லுகிறவர்தானே?" என்று முதல் கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். ஆனால் 1912-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை வெளியிட்ட விஷயம் ஒன்று உண்டு. வாக்னரின் சம்மதத்தை வாங்கிக் கொடுத்தால் 10 டாலர் தருவதாக ஒரு நிருபரிடம் கம்பெனி பேசியிருந்ததாம். வாக்னர் முடியாது என்று எழுதினார். அத்தோடு, நிருபருக்கு நஷ்டம் வரக்கூடாதென்று தம் கையிலிருந்து 10 டாலருக்கு ஒரு செக்கும் வைத்து அனுப்பினார்! காசுக்காக மறுத்தவர் செய்கிற காரியமா இது? தீர்ப்பை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எப்படியோ, புகையிலைக்குத் தம் படம் உதவக்கூடாது என்றோ என்னவோ ஒதுங்கிய அந்த மனிதரின் படம்தான், புகையிலைக் கம்பெனி வெளியிட்ட அத்தனை படங்களிலும் விலை உயர்ந்ததாக ஆயிற்று. 2021-ல் ஒரு வாக்னர் அட்டை 66 லட்சம் டாலருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் இன்னொன்று 72 லட்சத்து 50 ஆயிரம்.

* * *

வாக்னர் அட்டைகளுக்குள்ளும் ஒரு மகாராஜா உண்டு. மூலை மழுங்காமல், நேற்று அச்சடித்தது போலிருக்கும் அட்டை அது. அதன் கதையில் நம் சகோதரிகள் அறிய வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது.

1991-ல் அதை வெய்ன் கிரெட்ஸ்கி என்ற ஐஸ் ஹாக்கி வீரர், இன்னொருவருடன் கூட்டாக 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். பிறகு அது ஒரு பெரிய கடைக் கம்பெனியின் கைக்கு மாறி, 1996-ல் பரிசுப் போட்டிக்கு வந்தது. பரிசு யாருக்கு விழுந்தது? புளோரிடா மாகாணத்தில் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு!

அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பின்னாலேயே வரி இலாகாவும் வந்து தட்டியது. அமெரிக்காவில் பரிசு விழுந்தால் அதன் மதிப்புக்கு வருமான வரி கட்டவேண்டும். தபால்காரர் சம்பளத்தில் அத்தனை வரியை எங்கே கட்டுவது? அம்மணி யோசித்தார். அட்டையை நியூயார்க் ஏலக் கம்பெனியிடம் கொடுத்து விற்றுவிட்டார். 6 லட்சத்து 40 ஆயிரத்து 500 டாலருக்குப் போயிற்று.

அந்த அட்டையே 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. "ஐயோ பாவம், அந்த அம்மாள் வைத்திருக்கலாமே!" என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கிற பொருளைக் காப்பாற்ற வசதியில்லாதபோது, நல்ல விலை வந்த சமயத்தில் விற்றது குடும்பப் பெண்ணின் புத்திசாலித்தனம். பதினோரு வருஷம் கழித்து விலை ஏறும் என்று அன்றைக்கு யார் ஜாதகம் கணித்துச் சொல்ல முடியும்?

இனிமேல்தான் வேடிக்கை. பழைய அட்டைகளுக்கு மார்க் போடுவதற்கென்றே அங்கே கம்பெனிகள் இருக்கின்றன. நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரம் நசுங்கவில்லையா, படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மேலே கறை கீறல் உண்டா என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, 10-க்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையை அடைத்துக் கொடுப்பார்கள். பெண் பார்க்க வருகிற சம்பந்தியம்மாள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கமாட்டாள். அரை மார்க் கூடினால் விலை பல மடங்கு ஏறும். அப்படிப்பட்ட கம்பெனி ஒன்று தன் முதல் நம்பர் சான்றிதழைக் கொடுத்தது இந்த மகாராஜா அட்டைக்குத்தான். 8 மார்க்.

2013-ல் ஓர் ஏலக் கம்பெனியின் முன்னாள் முதலாளி மோசடிக் குற்றத்துக்காகக் கோர்ட்டில் நின்றார். அப்போது ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். பல வருஷங்களுக்கு முன் அந்த அட்டை தம் கையில் இருந்தபோது, ஓரங்களைத் தாமே வெட்டி ஒழுங்கு செய்ததாகச் சொன்னார்! நூறு வயசுக் கிழவருக்கு மூலை மழுங்காமல் இருந்த ரகசியம் அதுதான். அந்த ஆசாமிக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வாங்கியவர்கள் இத்தனை வருஷமாக மெச்சியது வாக்னரையா, கத்திரியையா?

* * *

சிகரெட்டுக்குப் பிறகு இந்த அட்டைகள் மிட்டாய்க்கும் சூயிங் கம்முக்கும் மாறின. குழந்தைகளிடமே நேராகக் காசு வாங்கலாமே!

1933-ல் பாஸ்டன் நகரத்தில் கௌடி என்ற சூயிங் கம் கம்பெனி ஒரு வரிசை வெளியிட்டது. 1 முதல் 240 வரை நம்பர். குழந்தைகள் வாங்கினார்கள், வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லா நம்பரும் கிடைத்தன. 106 மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த பொட்டணத்தில் இருக்குமோ என்று இன்னும் வாங்கினார்கள். எங்கே கிடைக்கும்? கம்பெனி அந்த நம்பரை அச்சடிக்கவே இல்லை! குழந்தைகளின் செண்டுக் காசுக்கு விரித்த வலை. புகார்க் கடிதங்கள் வந்து குவிந்த பிறகு, 1934-ல் 106-ம் நம்பரை அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்கு மாத்திரம் தபாலில் அனுப்பி வைத்தார்கள். சும்மா இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. சண்டை போட்டவர்களுக்குக் கிடைத்த அந்த அட்டை இன்று மிகவும் அபூர்வமான சரக்கு.

நாம் முதலில் பார்த்த நூறு கோடி அட்டை 1952-ல் வந்தது. புரூக்ளினில் டாப்ஸ் என்ற சூயிங் கம் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸை பெர்கர் என்பவர், தம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தோழர் ஒருவரோடு சேர்ந்து அந்த வரிசையைத் திட்டம் போட்டார். மொத்தம் 407 அட்டைகள். அதில் 311-ம் நம்பர், மிக்கி மாண்டில் என்ற இருபது வயது ஆட்டக்காரர்.

கடைசி வரிசை அட்டைகள் கடைக்கு வந்தபோது பேஸ்பால் காலம் முடிகிற தறுவாய். குழந்தைகளின் கவனம் கால்பந்துக்குப் போய்விட்டது. தீபாவளி முடிந்த பிறகு பட்டாசு வந்து இறங்கினால் யார் வாங்குவார்கள்? சரக்கு கிடங்கில் தூங்கியது. அடிமாட்டு விலைக்குக் கேட்டும் ஆள் இல்லை. 1960-ல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று, நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள்! இது பெர்கர் தம் வாயாலேயே சொன்ன கதை. சமையலறை மேஜையில் பெற்றெடுத்தவரே சமுத்திரத்தில் கரைத்தார்.

இதில் இன்னொரு விசித்திரம். மாண்டிலின் முதல் அட்டை இது இல்லை. 1951-லேயே வேறு கம்பெனி ஒன்று போட்டுவிட்டது. ஆனாலும் 1952 அட்டைக்குத்தான் கிராக்கி. காரணம், மிட்டாய்க் கடை வாசலில் நின்ற அந்தப் பத்து வயதுப் பையன்கள் நாற்பது வயதில் டாக்டராகவும் வக்கீலாகவும் வியாபாரியாகவும் ஆனார்கள். கையில் பணம் சேர்ந்தது. தொலைந்துபோன படம் ஞாபகத்துக்கு வந்தது. அட்டையை வாங்குவதாக அவர்கள் சொன்னார்கள். உண்மையில் தேடியது அந்தப் பத்து வயதை. அது எந்த ஏலத்திலும் வராது, அட்டைதான் வரும். ஆகவே அட்டைக்கு விலை ஏறியது. நூறு கோடிக்குப் போன அதே அட்டையை 1991-ல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார்.

* * *

இப்போது ஒரு வழக்கு. பிரதிவாதிகள்: அமெரிக்கத் தாய்மார்கள்.

ஐம்பது, அறுபது வயது அமெரிக்கர் எவரையாவது கேளுங்கள். "நானும் பெட்டி பெட்டியாய் வைத்திருந்தேன். காலேஜுக்குப் போயிருந்த சமயம் அம்மா குப்பையில் போட்டுவிட்டாள்" என்று பெருமூச்சு விடுவார். அந்தத் தேசத்தில் இது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. கோடீசுவரனாகியிருக்க வேண்டியவனை அம்மா கெடுத்துவிட்டாளாம்!

சகோதரிகளே, இந்த வழக்கில் நாம் தாய்மார்கள் பக்கம்தான். பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போது அறையைப் பெருக்கினானா? கட்டிலுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்த அட்டைகளை "பத்திரமாகப் பார்த்துக்கொள் அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னானா? இரண்டாவது உலக யுத்த காலத்தில் பழைய காகிதம் சேகரித்துக் கொடுங்கள் என்று சர்க்கார் கேட்டபோது, வீட்டில் இருந்த காகிதத்தோடு அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தவர்கள் பலர். சண்டைக்குப் போன பிள்ளை உயிரோடு திரும்பினால் போதும் என்று இருந்த தாய்க்கு அட்டை ஒரு பொருட்டா?

இதைவிடப் பெரிய வாதம் ஒன்று உண்டு. அம்மாக்கள் குப்பையில் போட்டதனால்தான் மிச்சம் இருந்ததற்கு விலையே வந்தது! ருசு வேண்டுமா? 1980-களில் பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் விலை போகும் செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது. உடனே ஊரே விழித்துக்கொண்டது. புது அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, உறை போட்டு, காற்றுப் படாமல் வைத்தார்கள். பிள்ளைகளின் காலேஜ் சம்பளத்துக்கு ஆகும் என்று முதலீடு செய்தவர்களும் உண்டு. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. இந்தத் தடவை எந்த அம்மாவும் ஒன்றையும் எறியவில்லை. பலன்? அந்தக் காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை இன்று வாங்கின விலைக்குக்கூடப் போவதில்லை. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு என்ன அபூர்வம் இருக்கும்?

எறியாத பெண்மணி ஒருவரும் உண்டு. ஓஹையோ மாகாணத்தில் டிஃபையன்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே இறைச்சிக் கடை வைத்திருந்த ஒருவர் 1940-களில் காலமானார். அவருடைய மகள் அந்த வீட்டிலேயே கடைசி வரை வாழ்ந்தார். எதையும் வெளியே போடாதவர். 2011-ல் அவரும் காலமான பிறகு, வீட்டைக் காலி செய்ய வந்த மருமக்கள் பரணில் ஏறினார்கள். ஒரு மரப் பொம்மை வீட்டுக்கு அடியில் மூடியில்லாத பச்சை அட்டைப் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே நூல் கயிற்றால் கட்டிய பேஸ்பால் அட்டைகள், சுமார் எழுநூறு. 1910-ம் வருஷத்துச் சரக்கு. நூறு வருஷமாகச் சூரிய வெளிச்சம் படாததால் புத்தம் புதிதாக இருந்தன. முதலில் அவர்கள் பெட்டியை ஓர் அலமாரி மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்களாம்! பிறகு நிபுணர்களிடம் காட்டியபோது, எல்லாமாகச் சேர்ந்து 30 லட்சம் டாலர் வரை போகலாம் என்றார்கள். 2012-ல் முதல் ஏலத்தில் 37 அட்டைகள் மாத்திரமே 5 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்கு விற்றன.

கேட்க வேண்டிய விஷயம் இனிமேல்தான். அந்த அம்மாளின் சொத்துக்கு வாரிசுகள் இருபது பேர். அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்காள் தங்கை பிள்ளைகள். இருபது பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பரணில் கிடைத்தவற்றுள் இதுதான் அபூர்வமான பொருள் என்று சொன்னால், கூட்டுக் குடும்பத்தில் பாகப் பிரிவினை பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

* * *

கடைசியாக, ஒரு காசுகூட எதிர்பாராமல் அட்டை சேர்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. நியூயார்க் மாகாணத்தில் சிரக்யூஸ் நகரில் ஜெபர்சன் பர்டிக் என்று ஒருவர் இருந்தார். மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டு வாதத்தால் அவதிப்பட்டவர். சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். எது எந்த வரிசை, எந்தக் கம்பெனி என்று வகைப்படுத்திப் புஸ்தகமே போட்டார். இன்றைக்கும் வியாபாரிகள் அவர் வைத்த நம்பர்களைத்தான் உபயோகிக்கிறார்கள்.

மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். அத்தனையையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக் காட்சி சாலைக்குத் தானமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. விரல்கள் மடங்காத நிலையிலும் அங்கே போய் உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச்சு மாதம் கண்ணை மூடினார்.

அவர் ஒட்டியவற்றில் ஒரு வாக்னரும் உண்டு. மார்க் போடுகிற கம்பெனிக்காரர்கள் பார்த்தால், "பசை போட்டு ஒட்டிவிட்டாரே, மதிப்புப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். பர்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை. விற்பதற்கென்று சேர்த்தால்தானே?

ஆகவே, இதைப் படித்த கையோடு பரணில் ஏறிக் கோடியைத் தேட வேண்டாம். ஆனால் பிள்ளையின் அலமாரியை ஒழிக்கிற அன்று, அவனைக் கூப்பிட்டு, "இதில் எது வேண்டும், எது வேண்டாம், நீயே பிரித்துக் கொடு" என்று சொல்லிவிடுங்கள். அவன் எதை எடுத்து வைத்துக்கொள்கிறான் என்பதையும் ஓரக்கண்ணால் பாருங்கள். நாற்பது வருஷம் கழித்து ஒரு பெருமூச்சு கேட்டால், பழி உங்கள் பேரில் விழாது!